வாள் நிறைஞ்சிருக்கு

கிணற்றடியில் அம்மாவின் உப்புமாங்காய்ப் பரணி நின்றுகொண்டிருந்தது. பரணி என்றால் எங்கள் ஊரில் பீங்கான் ஊறுகாய் ஜாடி. எங்கள் வீட்டுப் பரணி இடுப்புயரம் இருக்கும். அதன் வாய்க்குக் குறுக்கே ஒரு மூங்கில் கழி, கழியில் சணல் கயிறு, கயிற்றில் கட்டிய ஒரு வாளின் பித்தளைக் கைப்பிடி. கைப்பிடிக்குக் கீழே பானக நிறத்தில் தண்ணீர். தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்று எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். பழம்பொருள்களைப் பதிவு செய்ய வந்திருந்த அரசாங்க அதிகாரிக்கு மட்டும் தெரியாது.

அவர் ஒரு கையால் வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையை அந்தக் கைப்பிடியை நோக்கி நீட்டினார்.

பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் தீர்ந்தது. அப்பா துணி காயப் போடும் கொடியைப் பற்றிக்கொண்டு நின்றார்.

கை பாதி தூரம் போனதும் அதிகாரிக்கு ஒரு சந்தேகம் வந்தது. பரணியிலிருந்து சமையலறைப் பக்கம் போகிற வயரைப் பார்த்தார். கதவருகே நின்ற அம்மாவிடம், "கறண்ட் இல்லல்லோ?" என்று கேட்டார்.

"இருக்கு, இருக்கு" என்றாள் அம்மா.

அதிகாரி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். வயரின் மறுமுனை நான்கு நாளாக அரிசி டின்னின் மேல் சும்மா கிடந்தது. கரண்டாவது மண்ணாவது.

நேராகப் பேசாத வீடு

சென்ற வாரம் எங்கள் தெருவுக்கு முதல் டெலிபோன் வந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, 'உங்கள் வீட்டில் யாருமே நேராகப் பதில் சொல்ல மாட்டார்களா?' என்று மதுரையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். மாட்டார்கள். அதுவும் அம்மா, செவ்வாய் வெள்ளிகளில், 'இல்லை' என்ற சொல்லை வாயால் சொல்லவே மாட்டாள்.

அமங்கலமாகப் பேசக்கூடாது என்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். மலையாள நாட்டில் இருக்கிற எங்கள் வலியசாலை அக்ரஹாரத்தில் அது கொஞ்சம் கெட்டி. எங்கள் வீட்டில் அது கருங்கல். அரிசி தீர்ந்துபோனால் 'அரிசி நிறைஞ்சிருக்கு' என்பாள். விளக்கை அணைக்கச் சொல்ல மாட்டாள், 'மலையேத்து' என்பாள். அப்பாவைத் தேடி யாராவது வந்து, அப்பா வீட்டில் இல்லாவிட்டால், 'அவர் வெளியிலே இருக்கார்' என்பாள். எப்படியாவது எங்காவது இருந்தாக வேண்டும்.

ஒரு முறை சாலைக் கடைத்தெருவில் நாங்கள் சாமான் வாங்கும் மளிகைக் கடைக்குப் புதிதாக ஒரு மலையாளி கணக்குப்பிள்ளை வந்திருந்தார். 'வீட்டிலே அரிசி நிறைஞ்சிருக்கு, துவரம்பருப்பும் நிறைஞ்சிருக்கு' என்று அம்மா சொல்லியனுப்பினாள். நிறைந்திருக்கிற வீட்டுக்கு எதற்கு அனுப்புவது என்று அவர் நியாயமாக யோசித்து ஒன்றையும் அனுப்பவில்லை. அன்று ராத்திரி நாங்கள் அவல் சாப்பிட்டோம்.

இதையெல்லாம் கேலி செய்கிற இடத்தில் நான் இருந்தேன். அப்போது நான் ஒரு பெண்கள் கல்லூரியில் கெமிஸ்ட்ரி டெமான்ஸ்ட்ரேட்டர். லாபில் மாணவிகள் பரிசோதனையைச் செய்யாமலே ரீடிங்கைக் கற்பனையாக எழுதிக்கொண்டு வருவார்கள். அதற்கு எங்களிடையே 'சமையல்' என்று பெயர். சமைத்த ரீடிங்கை நான் வாசனையிலேயே கண்டுபிடித்துவிடுவேன். சிவப்புப் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு, திரும்பச் செய்யச் சொல்லி ஒரு வரி. என்னிடம் கோடு வாங்காத பெண் கிடையாது. உண்மைக்கு நான்தான் காவல் என்று ஒரு நினைப்பு எனக்கு இருந்தது.

துருவும் துரும்பும்

வாளுக்கு வருகிறேன். அது எங்கள் கூடத்துச் சுவரில் இரண்டு ஆணிகளுக்கு மேல் படுத்திருந்தது. இரண்டு முழம்கூட இருக்காது. இடுப்பில் செருகுகிற உடைவாள். கைப்பிடி பித்தளை, மற்றது எல்லாம் துரு.

துரு என்று உங்களுக்காக எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் மலையாளம் ஒட்டிக்கொண்டு, துருவையும் 'துரும்பு' என்றுதான் சொல்வோம். கும்பகோணத்திலிருந்து வந்திருந்த ஒரு உறவுக்காரரிடம், 'வாளெல்லாம் துரும்பாப் போச்சு' என்று அம்மா வருத்தப்பட்டாள். அவர் எழுந்து போய் வாளைப் பார்த்துவிட்டு, 'அப்படியொண்ணும் இளைக்கலையே' என்றார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அந்த வாள் எங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கும் முந்திய யாரோ ஒருவருக்கு மகாராஜா கொடுத்தது. ஏன் கொடுத்தார் என்பது அப்பாவின் மனநிலையைப் பொறுத்தது. அப்பா ஒரு அரசாங்க இலாகாவில் சூப்பரிண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனநிலையில் இருந்தால் முன்னோர் போர்க்களத்தில் இருப்பார். சுமாரான நாட்களில் அரண்மனை வாசலில் காவல் நிற்பார். வயிறு சரியில்லாத நாட்களில் வெறும் ஓலை எழுதுகிறவராக இருப்பார். எந்த நிலையிலும் வாள் மட்டும் உண்டு.

பக்கத்து வீட்டு மணி மாமாவிடம் வேறு கதை இருந்தது. எங்கள் முன்னோர் ஊட்டுப்புரையில், அதாவது மகாராஜாவின் தர்மச் சாப்பாட்டுக் கூடத்தில், சமையல்காரராக இருந்தார் என்பார். அந்தக் 'கத்தி' பூசணிக்காய் பிளப்பதற்காகக் கொடுத்தது என்பார். இரண்டு பேருமே ரிட்டயர்ட். காலையில் பேப்பரைப் படித்து முடித்ததும் இரண்டு பேருக்கும் வேறு வேலை கிடையாது. முப்பது வருஷமாக மதிலுக்கு இந்தப் பக்கம் ஒரு போர்வீரர், அந்தப் பக்கம் ஒரு பூசணிக்காய்.

மைக் செட்டுக்காரரின் சார்ஜர்

எழுபதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம். பழம்பொருள் வைத்திருப்பவர்கள் மனுக் கொடுத்தால், அதிகாரி வந்து பார்த்துப் பதிவு செய்து அத்தாட்சி தருவார் என்று அறிவிப்பு வந்தது. அப்பா அன்றைக்கே மனு எழுதிவிட்டார். 'உடைவாள், ஒன்று, மகாராஜாவால் வழங்கப்பட்டது.' தெரு முழுவதும் சொல்லியும் வைத்தார். இனி மணி மாமாவுக்குப் பதில் சொல்லப் போவது அரசாங்க முத்திரை.

அதிகாரி பங்குனியில் வருவதாகக் கடிதம் வந்த பிறகுதான் அப்பா வாளைக் கையில் எடுத்து நன்றாகப் பார்த்தார். செதில் செதிலாக உதிர்ந்தது. இதை அதிகாரி பார்த்தால் பழைய இரும்பு என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். மணி மாமா அந்தக் காகிதத்தைத் தன் வீட்டில் மாட்டிக்கொள்வார். அப்பா புளி தேய்த்தார், செங்கல் பொடி தேய்த்தார், மண்ணெண்ணெயில் ஊறப் போட்டார். அவர் கைதான் சுத்தமாயிற்று.

நான்தான் வாயைக் கொடுத்தேன். எலக்ட்ராலிசிஸ் செய்தால் ஒரு கீறல் விழாமல் துரு கழன்றுவிடும் என்றேன். வேண்டியது ஒரு பாத்திரம், தண்ணீர், அலக்குகாரம் என்று கடையில் கிடைக்கிற சலவைச் சோடா, ஒரு இரும்புத் தகடு, பாட்டரி சார்ஜர். வாளில் மைனஸ் வயர், தகட்டில் பிளஸ் வயர். கரண்ட் போனால் வாளிலிருந்து குமிழி கிளம்பித் துருவைத் தள்ளிவிடும். வாளுக்குப் பதிலாகத் தகடு தேயும். மாற்றிக் கட்டினால் தகடு பிழைக்கும், வாள் தேயும். அவ்வளவுதான் இதன் சூட்சுமம்.

பாத்திரம் ஆழமாக வேண்டும், உலோகமாக இருக்கக் கூடாது. மாங்காய்க் காலம் இன்னும் வராததால் பரணி காலியாக இருந்தது. அம்மா அதைப் பெண்ணைப் புக்ககம் அனுப்புகிற முகத்தோடு கொடுத்தாள். ஓட்டை விழுந்த பழைய வாளியை வெட்டி, தகடாக்கி, பரணியின் உள்சுவரை ஒட்டி வளைத்து வைத்தேன்.

சார்ஜர் கொடுத்தவர் வேலப்பன். நாகர்கோவில் பக்கத்துக்காரர், கோயில் உற்சவங்களுக்கு மைக் செட் போடுகிறவர். அவரே தூக்கிக்கொண்டு வந்து, "டீச்சரம்மா, செவப்பு பிளஸ்ஸு, கறுப்பு மைனஸ்ஸு. இத மாத்திரம் மாத்திராதீங்க" என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனார். கெமிஸ்ட்ரி படித்தவளுக்கு மைக் செட்டுக்காரர் பாடம் எடுப்பதா என்று எனக்கு உள்ளூரச் சிரிப்பு.

வியாழக்கிழமை காலையில் கறுப்பை வாளிலும் சிவப்பைத் தகட்டிலும் கட்டி ஸ்விட்சைப் போட்டேன். வாளைச் சுற்றி நுரை நுரையாகக் குமிழி வந்தது. அப்பா கைதட்டாத குறை.

அன்று மத்தியானமே நான் பிராக்டிகல் பரீட்சை வேலைக்காகச் சங்கனாச்சேரி போக வேண்டியிருந்தது. திங்கட்கிழமைதான் திரும்புவேன். 'வயரைத் தொட வேண்டாம், தினமும் கவனித்துக் குறித்து வைக்கவும்' என்று ஒரு காகிதத்தில் எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். பெட்டியில் புடவை அடுக்கிக்கொண்டிருந்தபோது அம்மா வந்து நின்றாள்.

"அதென்னடி விசாலி, ஒரு வயர் சிவப்பு, ஒரு வயர் கறுப்பு?"

"சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ்."

"அப்படீன்னா?"

"பிளஸ்னா சேர்றது, மைனஸ்னா குறையறது. நேக்கு நாழியாச்சும்மா."

ஒரு மாணவி இந்தப் பதிலை எழுதியிருந்தால் சைபர் போட்டிருப்பேன். ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் அம்மாவுக்கு இது போதும் என்று நினைத்தேன்.

ஃபைல்: உடைவாள், சுத்திகரிப்பு

திங்கட்கிழமை சாயங்காலம் திரும்பி வந்தேன். அப்பா என் பெட்டியைக்கூட வாங்காமல் ஒரு ஃபைலை நீட்டினார். மேலே தலைப்பு, ஓரத்தில் ஓட்டை போட்டுக் கோத்த நூல். முப்பத்தெட்டு வருஷ ஆபீஸ் பழக்கம்.

'வியாழன், மாலை 4.00. வாளில் குமிழிகள் காணப்பட்டன. திருப்தி.'

'வெள்ளி, பகல் 11.40. குமிழிகள் வாளிலிருந்து தகட்டுக்கு மாற்றலாகியுள்ளன. காரணம் தெரியவில்லை. முன்னேற்றமாக இருக்கலாம்.'

'சனி. தண்ணீரின் நிறம்: பானகம். வாளின் அழுக்கு வெளியேறுவதாகக் கருதப்படுகிறது. திருப்தி.'

'ஞாயிறு. விடுமுறை. பார்வையிடப்படவில்லை.'

'திங்கள். வாள் மிகவும் லேசாகத் தொங்குகிறது. திருப்தி.'

வெள்ளிக்கிழமைக் குறிப்பிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஓடிப் போய் ஸ்விட்சை அணைத்தேன். சிவப்பு கிளிப் வாளின் கைப்பிடியைக் கவ்விக்கொண்டிருந்தது. அதன் மேல் ஒரு குங்குமப் பொட்டு.

கழியோடு தூக்கினேன். கைப்பிடி வந்தது. அதன் அடியில் வெற்றிலைக் காம்பு நீளத்துக்கு ஒரு இரும்புத் துணுக்கு வந்தது. வேறொன்றும் வரவில்லை. கும்பகோணத்துக்காரர் புரிந்துகொண்ட அர்த்தத்திலேயே எங்கள் வாள் துரும்பாகியிருந்தது.

அம்மாதான் முதலில் பேசினாள். அவளுக்கு என் மேல்தான் குறை.

"நீ அவசரத்திலே தப்பாக் கட்டிட்டுப் போயிட்டே. மகாராஜா கொடுத்த வாளுக்குக் குறையறதையும், ஓட்டை வாளித் தகரத்துக்குச் சேர்றதையும் யாராவது கட்டுவாளோ? வெள்ளிக்கிழமை குளிச்சுட்டு, நான்தான் ஸ்விட்சை மலையேத்திட்டு, மாத்திக் கட்டினேன். திருஷ்டி சுத்தி ரெண்டு பிடி கல்லுப்பும் அதிலே கரைச்சு விட்டேனாக்கும்."

வெறும் சலவைச் சோடாத் தண்ணீரில் பிளஸ்ஸைக் கட்டியிருந்தால்கூட இரும்பு அத்தனை சீக்கிரம் கரைந்திருக்காது. உப்பு போட்டால் மளமளவென்று கரையும். உலகத்திலேயே ஒரு வாளைத் தண்ணீராக்க இதைவிடச் சரியான முறை எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. அம்மா அதைப் பக்தியாலேயே கண்டுபிடித்திருந்தாள்.

நான் என் கையிலிருந்த கைப்பிடியை அவளிடம் காட்டினேன். அவள் பரணிக்குள் எட்டிப் பார்த்தாள். கைப்பிடியைப் பார்த்தாள். முகம் மெதுவாக மாறியது. அப்பா பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "கேட்டேளா, வாள் நிறைஞ்சிருக்கு" என்றாள்.

அப்பா கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்தார். அம்மாவை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை, அன்றும் சரி, பிறகும் சரி. திட்ட வேண்டுமானால் வாள் போய்விட்டது என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் அல்லவா.

டீச்சர் சொன்னால் போதும்

அதிகாரி வரும் நாள் வெள்ளிக்கிழமை. செவ்வாய், புதன் இரண்டு நாளும் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. மணி மாமா தினமும் மதிலுக்கு மேல் தலையை நீட்டி, பூசணிக்காய்க் கத்தி குளித்து முடித்ததா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு வேறு சொத்து கிடையாது. ரிட்டயரான பிறகு தெருவில் அவரைச் சூப்பரிண்டெண்ட் என்று கூப்பிடுவதை எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். வாள்காரர் வீடு என்று சொல்வதை மட்டும் நிறுத்தவில்லை. அதிகாரியின் பேனா ஒரு கோடு போட்டால் அதுவும் போய்விடும்.

வியாழக்கிழமை அவரே கைப்பிடியைப் பழையபடி கயிற்றில் கட்டிப் பரணியில் தொங்கவிட்டார். பார்க்கிறவர்களுக்கு உள்ளே வாள் இருப்பதாகத்தான் தோன்றும்.

"இன்னும் சிகிச்சையிலே இருக்குன்னு சொல்லிடறேன்" என்றார்.

நான் பொய் சொல்ல மாட்டேன் என்றேன். கல்லூரியில் பெண்களுக்குக் கோடு போட்டுவிட்டு, வீட்டில் வந்து இதைச் சமைக்க முடியாது என்றேன். கொஞ்சம் உரக்கவே சொன்னேன். அப்பா என்னை நிமிர்ந்து பார்க்காமல், "நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம், பேசாம நின்னாப் போறும்" என்றார்.

ஆகவேதான் முதலில் சொன்ன இடத்தில் நாங்கள் எல்லாரும் நின்றுகொண்டிருந்தோம். அம்மாவின் 'இருக்கு, இருக்கு'வில் கையை இழுத்துக்கொண்ட அதிகாரி, இடுப்பில் கை வைத்து, பரணியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அதற்கு முன் நான்கு வீட்டில் ஓலைச்சுவடியும் குத்துவிளக்கும் பார்த்துக் களைத்திருந்தார். நான்கு வீட்டிலும் காப்பி குடித்திருந்தார். கழக்கூட்டம் என்ற ஊருக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று வந்தவுடனேயே சொல்லியிருந்தார். மதிலுக்கு மேல் மணி மாமாவின் தலை நேரத்துக்கே வந்து உட்கார்ந்திருந்தது.

அதிகாரி துணி துவைக்கிற கல்லின் மேல் பதிவேட்டைத் திறந்து வைத்து, பேனாவின் மூடியைக் கழற்றினார். பொருளின் பெயரை எழுதினார். அடுத்த கட்டம், பொருள் முழுமையாக இருக்கிறதா, பகுதியா என்பது. அவர் பரணியை ஒரு தடவை பார்த்தார், வயரை ஒரு தடவை பார்த்தார், பிறகு என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர் கெமிஸ்ட்ரி அல்லே? டீச்சர் பறஞ்ஞா மதி" என்றார். நீங்கள் சொன்னால் போதும் என்று அர்த்தம். "வாள் முழுவன் உண்டோ?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை நாள் அவர் கதைகளைக் கேலி செய்திருக்கிறேன். அந்த நிமிஷத்தில் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. 'இல்லை' என்ற சொல் என் நாக்கு நுனி வரை வந்து நின்றது. மூன்றே எழுத்து தாண்டினால் உண்மை, ஆனால் தாண்டவில்லை.

"நிறைஞ்சிருக்கு சார்" என்றேன்.

எங்கள் வீட்டுத் தமிழில் அது உண்மை. தீர்ந்துவிட்டது, ஒன்றும் மிச்சமில்லை. கெமிஸ்ட்ரிப்படியும் உண்மை. வாளின் இரும்பு முழுவதும் அந்தப் பானகத்துக்குள்தான் இருந்தது, ஒரு துளி வெளியே போகவில்லை. ஆனால் நான் அதை எந்த உண்மைக்காகவும் சொல்லவில்லை. அவர் காதில் அது எப்படி விழும் என்று தெரிந்துதான் சொன்னேன்.

"நிறஞ்ஞிட்டுண்டு" என்று அவர் மலையாளத்தில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அந்தக் கட்டத்தில் 'முழுமை' என்று எழுதினார். நிலை என்ற கட்டத்தில் 'நன்று' என்று எழுதினார். கீழே சாட்சிக் கையெழுத்துக்கு இடம் காட்டினார். நான் பெயரையும், பெயருக்குப் பின்னால் எம்.எஸ்ஸி.யையும் எழுதினேன்.

அதிகாரிக்குப் புரியாவிட்டாலும் மணி மாமாவுக்குப் புரிந்திருக்கும். அவர் வீட்டிலும் அரிசி அப்படித்தான் நிறையும். நான் மெதுவாக மதிலை நிமிர்ந்து பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். பிறகு, ஒன்றும் சொல்லாமல், தலை கீழே இறங்கிப் போயிற்று. இரக்கமோ, வெள்ளிக்கிழமையோ, எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவர் பூசணிக்காயைப் பற்றிப் பேசியதே கிடையாது.

சாயங்காலம் அப்பா என் அறை வாசலில் வந்து நின்றார். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது.

"முப்பத்தெட்டு வருஷ சர்வீஸ்லே இப்படி ஒரு நோட் நான் எழுதினதில்லே" என்றார்.

அவருக்குத் தெரிந்த மிகப் பெரிய பாராட்டு அது. அவர் போன பிறகு நான் அழுதேன். அவமானமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. எது அதிகம் என்று இன்றுவரை எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அடுத்த வாரம் லாபில் ஒரு பெண் உடைந்த தராசில் எடுத்த ரீடிங் என்று ஐந்து தசமத்தில் எழுதிக்கொண்டு வந்தாள். சிவப்புப் பென்சிலை எடுத்தேன். பிறகு, கோடு போடாமலே நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

மூன்று கட்டங்கள்

அத்தாட்சி இரண்டு மாதத்தில் வந்தது. அப்பா அதற்குக் கண்ணாடி போட்டு, வாள் இருந்த அதே இரண்டு ஆணிகளில் மாட்டினார். வருகிறவர்களுக்கு அதைக் காட்டிப் போர்க்களத்தை விவரித்தார். வாள் எங்கே என்று யாராவது கேட்டால், 'பதிவான பொருள், அதைச் சும்மா வெளியிலே எடுக்கப்படாது' என்பார். வாள் இருந்ததைவிட அது போன பிறகு அதற்கு மரியாதை கூடியது. பரணியில்தான் பிறகு மாங்காய் போட முடியவில்லை. எத்தனை கழுவினாலும் இரும்பு வாடை போகவில்லை என்று அம்மா புலம்பினாள்.

சில வருஷங்களுக்கு ஒரு முறை அரசாங்கத்திலிருந்து கடிதம் வரும். பதிவு செய்த பொருள் பத்திரமாக இருக்கிறதா, நிலை என்ன? அந்தக் கடிதம் வந்தால் அப்பாவுக்குத் தீபாவளி. மேஜையைத் துடைத்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, வரைவு எழுதி, திருத்தி, நல்ல பிரதி எடுப்பார். 'மேற்படி பொருளின் நிலையில் கடந்த முறைக்குப் பின் மாற்றம் ஏதும் ஏற்படவில்லை.' அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை என்று என்னிடம் காட்டிச் சிரிப்பார். மூன்று கடிதங்களுக்கு அப்படிப் பதில் போயிற்று.

நாலாவது கடிதம் போன மாதம் வந்தது. அப்பா காலமாகி ஒரு வருஷம் முடிந்திருந்தது. விலாசத்தில் அவர் பெயர்தான். இந்தத் தடவை அச்சடித்த படிவம். பொருளின் நிலை என்ற கேள்விக்கு எதிரே மூன்று கட்டங்கள்: நன்று, சுமார், பழுது. ஒன்றில் அடையாளம் இட வேண்டும்.

நான் மூன்றையும் விட்டுவிட்டு, ஓரத்தில் 'இல்லை' என்று எழுதினேன். எழுதியது செவ்வாய்க்கிழமையா என்றுகூடப் பார்க்கவில்லை. உடைமையாளர் காலமானார் என்றும் சேர்த்து எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். இத்தனை வருஷம் கழித்து ஒரு பாரம் இறங்கியது போல் இருந்தது.

படிவம் நேற்றுத் திரும்பி வந்துவிட்டது. உடைமையாளர் பெயருக்கு நேரே நேர்த்தியாக ஒரு கோடு இழுத்து, 'நீக்கப்பட்டது' என்று எழுதியிருக்கிறார்கள். பொருளின் நிலைக்கு மட்டும், குறிப்பிட்ட கட்டங்களுக்கு வெளியே எழுதப்படும் பதில் ஏற்கப்பட மாட்டாது, முந்தைய பதிவே தொடரும் என்று ஒரு சீட்டு இணைத்திருக்கிறார்கள்.

ஆகவே பதிவேட்டில் எங்கள் வாள் இருக்கிறது, முழுமையாக, நல்ல நிலையில். அப்பாதான் இல்லை.